கோதுமை பீருக்கு ஏற்ற ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் கோதுமை பீர் காய்ச்ச ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தைப் பற்றித்தான். கோதுமை எத்தனை சதவீதம், பார்லி எத்தனை சதவீதம், எந்த நிறுவனத்து மால்ட் நல்லது என்று கேட்பார்கள். ஈஸ்ட்டைப் பற்றிய கேள்வி எல்லாம் முடிந்த பிறகு, சாமான் வாங்கக் கிளம்பும் நேரத்தில்தான் வரும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல பீர் வகைகளில் ஈஸ்ட் பின்னால் இருந்து வேலை செய்யும். மால்ட்டும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களும்தான் நாவில் பேசும். கோதுமை பீரில் பேசுவது ஈஸ்ட். எந்த ஈஸ்ட் என்று முடிவு செய்யாமல் தானியத்தை அளந்து வைப்பதில் பயனில்லை.

வீட்டில் பீர் காய்ச்ச எல்லா இடங்களிலும் அனுமதி இல்லை. உங்கள் பகுதியின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கோதுமையின் பங்கு எது, ஈஸ்ட்டின் பங்கு எது?

கோதுமையில் புரதம் மிகுதி. அதனால் கோதுமை மால்ட் சேர்த்த பீரில் வெள்ளை நுரை நெடுநேரம் நிற்கும், பீர் சற்றுக் கலங்கலாக இருக்கும், வாயில் மெத்தென்று படும். சுவை என்று தேடினால் பிசைந்த மாவையும் ரொட்டியையும் நினைவூட்டும் மெல்லிய சுவை ஒன்று கிடைக்கும். கோதுமையின் பங்கு அவ்வளவுதான்.

ஜெர்மனியின் பவேரியா பகுதிக்குரிய ஹெஃபவைட்சன் என்ற கோதுமை பீரை முதன்முறை குடிப்பவர்கள், இதில் வாழைப்பழம் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்பது வழக்கம். கூடவே கிராம்பு வாசனையும் வரும். வாழைப்பழமும் சேர்ப்பதில்லை, கிராம்பும் சேர்ப்பதில்லை. இரண்டு மணங்களையும் நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்குகிறது. அதே கோதுமை, அதே பார்லி, அதே ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சி, வேறு ஈஸ்ட் போட்டால் இரண்டும் வராது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போகும் வெப்பநிலைக் கணக்குகள் எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையின்றிப் புரியும். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் இனிப்பான நீருக்கு வோர்ட் என்று பெயர். அதில் சர்க்கரையோடு அமினோ அமிலங்களும் இருக்கும். ஈஸ்ட் பெருகும்போது லியூசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஐசோஅமைல் ஆல்கஹாலை உருவாக்குகிறது. அந்த ஆல்கஹாலோடு ஒரு அசிடேட் துண்டை இணைத்தால் ஐசோஅமைல் அசிடேட் பிறக்கிறது. எஸ்டர் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் இது. பழுத்த வாழைப்பழத்தின் மணத்தில் முதன்மையானதும் இதே பொருள்தான். ஆகவே பீரில் வருவது வாழைப்பழத்தைப் போன்ற ஏதோ ஒரு மணம் அல்ல. பழத்தில் உள்ள அதே மூலக்கூறு.

கிராம்பின் கதை வேறு. பார்லி, கோதுமை இரண்டின் செல் சுவர்களிலும் ஃபெருலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது வோர்ட்டில் கரைந்ததும், சில ஈஸ்ட் ரகங்கள் அதிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றிவிட்டு 4-வினைல்குவயகால் என்ற ஃபீனாலாக மாற்றுகின்றன. உண்மையான கிராம்புக்கு மணம் தரும் யூஜெனாலும் இதுவும் வேதியமைப்பில் நெருங்கிய உறவு. இந்த மாற்றத்தைச் செய்ய ஈஸ்ட்டுக்கு பிஏடி1, எஃப்டிசி1 என்ற இரண்டு மரபணுக்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். பெரும்பாலான பீர் ஈஸ்ட்களில் இவை பழுதாகிச் செயலற்றுப் போய்விட்டன. மற்ற பீர்களில் கிராம்பு வாசனை ஒரு குறை. அந்த வாசனை தராத ஈஸ்ட்டையே காய்ச்சுபவர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்துப் பயன்படுத்தி வந்ததன் விளைவு இது. கோதுமை பீர் ஈஸ்ட்களோ அந்தத் திறனை இழக்காமல் வைத்திருக்கின்றன. ஓரிடத்தில் குறை என்று ஒதுக்கப்படுவது இங்கே அடையாளமாகவே ஆகிவிட்டது.

இரண்டு மணங்களுக்கும் மூலப்பொருள் வேறு, வழி வேறு என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க முடிகிறது.

மூன்று குடும்பங்கள்

கோதுமை பீர் என்ற ஒரே பெயரில் குணத்தில் முற்றிலும் வேறான பீர்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது எது என்று தெரியாமல் ஈஸ்ட் தேட முடியாது.

முதலாவது பவேரிய வகை. ஜெர்மன் முறைப்படி தானியத்தில் பாதியாவது கோதுமை மால்ட்டாக இருக்க வேண்டும். 60, 70 சதவீதம் போடுவதும் உண்டு. ஹாப்ஸ் மிகக் குறைவு, கசப்பு பெயரளவுக்குத்தான். நீண்ட காலம் இதைக் காய்ச்சும் உரிமை பவேரிய ஆட்சியாளர் குடும்பத்தின் கையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் குளிர்ச்சியில் நொதிக்கும் லாகர் பீர் எங்கும் பரவியபோது கோதுமை பீர் மங்கிப் போனது. 1872இல் கியோர்க் ஷ்னைடர் அரச குடும்பத்திடமிருந்து அந்த உரிமையைப் பெற்றதால்தான் வழக்கம் அறுந்து போகாமல் நீண்டது. இந்த வகைக்கு வாழைப்பழமும் கிராம்பும் கட்டாயம். இரண்டையும் தரும் ஈஸ்ட் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது.

இரண்டாவது பெல்ஜிய விட்பியர். இதில் முளைகட்டாத கோதுமையும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேரும். ஹுகார்டன் கிராமத்தில் இந்த வகை அடியோடு நின்றுபோயிருந்தது; பால் வியாபாரம் செய்துவந்த பியேர் செலிஸ் 1960களில் மீண்டும் காய்ச்சத் தொடங்கி அதற்கு உயிர் கொடுத்தார். இதற்கான ஈஸ்ட் வாழைப்பழத்தை அடக்கி வாசிக்கும். மிளகை நினைவூட்டும் மெல்லிய காரமும் லேசான புளிப்பும் தரும். கொத்தமல்லியும் ஆரஞ்சும் மேலெழுந்து நிற்க அது இடம் விடுகிறது. பவேரிய ஈஸ்ட்டை இங்கே போட்டால் வாழைப்பழமும் கொத்தமல்லியும் மோதிக்கொள்ளும். எனக்கு அந்தச் சேர்க்கை ஒருபோதும் பிடித்ததில்லை.

மூன்றாவது அமெரிக்க கோதுமை பீர். ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லண்டில் விட்மர் சகோதரர்கள் 1986இல் வெளியிட்ட பீர் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. இங்கே ஈஸ்ட் எந்த மணமும் காட்டாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். ஹாப்ஸின் எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகளும் கோதுமையின் மென்மையும் தெரிய வேண்டும். வாழைப்பழ மணம் பிடிக்காதவர்கள் தயங்காமல் இந்தப் பக்கம் வரலாம்.

பெர்லினர் வைஸ, கோஸ போன்ற புளிப்புக் கோதுமை பீர்களும் உண்டு. அவற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வேலையே பெரிது. தொடக்க நிலையில் இருப்பவர்கள் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பாக்கெட்?

பவேரிய வகைக்குப் பெரும்பாலானோர் நாடும் திரவ ஈஸ்ட்கள் இரண்டு: வையீஸ்ட் நிறுவனத்தின் 3068, வொயிட் லேப்ஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்பி300. வாழைப்பழமும் கிராம்பும் இரண்டிலுமே தாராளமாக வரும். வெப்பநிலையை மாற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்கலாம். கிராம்பு தூக்கலாகவும் வாழைப்பழம் அடக்கமாகவும் வேண்டுமென்றால் டபிள்யூஎல்பி380 பொருத்தம்.

உலர் ஈஸ்ட்டில் லாலெமண்ட் நிறுவனத்தின் மியூனிக் கிளாசிக் அந்தப் பழைய பவேரிய குணத்துக்கு நெருக்கமானது. மாங்க்ரோவ் ஜாக்ஸ் எம்20 பலருக்கு எளிதில் கிடைக்கும். ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் டபிள்யூபி-06 மிகப் பரவலாகக் கிடைத்தாலும் அதன் இயல்பு சற்று வேறு: பீர் மெலிந்து, இனிப்பு மிஞ்சாமல் வறண்டு, லேசான புளிப்போடு முடியும். அதில் கட்டாயம் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயமும் இருக்கிறது. பாட்டில் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

விட்பியருக்கு வையீஸ்ட் 3944, டபிள்யூஎல்பி400, உலர் வகையில் மாங்க்ரோவ் ஜாக்ஸ் எம்21. அமெரிக்க வகைக்கு வையீஸ்ட் 1010, டபிள்யூஎல்பி320 இரண்டும் அதற்கென்றே விற்கப்படுபவை. ஆனாலும் ஃபெர்மென்டிஸ் யூஎஸ்-05 போன்ற சாதாரண உலர் ஈஸ்ட்டே இதற்குப் போதும். மணம் காட்டாமல் இருப்பதற்குத் தனி விலை கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

உலர் ஈஸ்ட்டா, திரவ ஈஸ்ட்டா? பவேரிய வகையில் திரவ ஈஸ்ட் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது என்றே சொல்வேன். மணத்தில் ஆழம் அதிகம். ஆனால் அது குளிர்ச்சி குறையாமல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். வெயிலில் நாள்கணக்கில் பயணம் செய்து வந்த திரவ ஈஸ்ட்டை விட, ஃபிரிட்ஜில் வைத்திருந்த உலர் ஈஸ்ட் பல மடங்கு நம்பகமானது. பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள். திரவ ஈஸ்ட்டில் உயிருள்ள செல்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும்.

பாக்கெட்டைப் படிப்பது

ஈஸ்ட் பாக்கெட்டிலும் நிறுவனத்தின் விவரத்தாளிலும் சில சொற்கள் தவறாமல் இருக்கும். அட்டென்யுவேஷன் என்பது, இருக்கும் சர்க்கரையில் எத்தனை சதவீதத்தை ஈஸ்ட் தின்று முடிக்கும் என்பதன் அளவு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை வோர்ட்டில் மிதக்கவிடுகிறீர்கள், 1.050 காட்டுகிறது; தண்ணீரின் 1.000ஐவிட 50 புள்ளி கூடுதல். 75 சதவீதம் தின்னும் ஈஸ்ட்டைப் போட்டால் அந்த 50 புள்ளிகளில் 37 அல்லது 38 கரைந்து, பீர் 1.012 அல்லது 1.013இல் நிற்கும். குறைந்த புள்ளிகளை 0.131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும்; இங்கே கிட்டத்தட்ட 4.9. அதே வோர்ட்டில் 86 சதவீதம் தின்னும் ஈஸ்ட்டைப் போட்டால் பீர் 1.007 வரை இறங்கும், ஆல்கஹால் 5.6ஐத் தொடும். முதலாவது பீரில் மெல்லிய இனிப்பும் கனமும் மிஞ்சும். இரண்டாவது இனிப்பின்றி வறண்டு முடியும். மால்ட்டை மாற்றாமலேயே இவ்வளவு வேறுபாடு.

3068, டபிள்யூஎல்பி300 ஆகிய இரண்டுமே 72 முதல் 77 சதவீத வட்டத்துக்குள் வருபவை. பவேரிய பீருக்குரிய அந்த மெத்தென்ற தன்மைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஃப்ளாக்குலேஷன் என்பது வேலை முடிந்த ஈஸ்ட் எவ்வளவு வேகமாகக் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து அடியில் படிகிறது என்பதைக் குறிக்கும். கோதுமை பீர் ஈஸ்ட்களில் இது குறைவு என்றே அச்சிட்டிருக்கும். வேறு பீர் காய்ச்சிப் பழகியவர்கள் இதைப் பார்த்துத் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், கலங்கலாக நிற்பதுதான் இங்கே தேவை. தெளிய வைக்கும் பொருள்களையும் சேர்க்காதீர்கள்.

வெப்பநிலை வீச்சு என்றும் ஒரு வரி இருக்கும். 3068க்கு 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள். பாக்கெட்டில் மிக முக்கியமான வரி இதுதான். அதே சமயம் மிக எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இந்த வீச்சுக்குள் ஈஸ்ட் உயிரோடு நன்றாக வேலை செய்யும் என்று மட்டுமே நிறுவனம் சொல்கிறது. 18இலும் 24இலும் ஒரே பீர் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

வெப்பநிலையும் தேர்வின் ஒரு பகுதி

ஒரே 3068ஐ 17, 18 டிகிரியில் நொதிக்க விட்டால் கிராம்பு முன்னால் வரும், வாழைப்பழம் பின்னால் மெல்ல எட்டிப் பார்க்கும். 20, 21 டிகிரியில் இரண்டும் கலந்து வரும். 22க்கு மேல் வாழைப்பழம் மேலோங்கி, கிராம்பு மறைந்துபோகும். 25ஐத் தாண்டினால் பழ மணம் பபிள்கம் மணமாகத் திரியும். அதோடு பெயின்ட் கரைப்பானை நினைவூட்டும் கனமான ஆல்கஹால்களும் சேர்ந்து, குடித்தால் தொண்டையில் சுரீரென்று ஏறும். அதிக வெப்பத்தில் ஈஸ்ட் விரைவாகப் பெருகுகிறது, எஸ்டரும் கூடுகிறது. ஃபீனால் அந்த வேகத்தில் கூடுவதில்லை. முன்பே சொன்னதுபோல் இரண்டுக்கும் வழி வேறு.

இந்த எண்கள் எல்லாம் அறையின் வெப்பநிலை அல்ல, பாத்திரத்துக்குள் இருக்கும் பீரின் வெப்பநிலை. நொதித்தல் வெப்பத்தை வெளிவிடும் வினை. வேகமாக நடக்கும் முதல் இரண்டு மூன்று நாள்களில் உள்ளே இருப்பது அறையைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 20 டிகிரியில் இருக்கிறது என்று நம்பி விட்டுவிட்டால் பீர் 24இல் கொதித்துக்கொண்டிருக்கும். நொதிகலனின் பக்கவாட்டில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை ஒன்று மலிவான பொருள். அதில்லாமல் கோதுமை பீர் காய்ச்சத் தொடங்காதீர்கள். கலனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டாலே நான்கைந்து டிகிரி குறைத்துவிடலாம்.

காவல் காக்க வேண்டியது முதல் மூன்று நாள்கள். எஸ்டரில் பெரும்பகுதி ஈஸ்ட் பெருகும் கட்டத்திலேயே உருவாகிவிடுகிறது. அதன் பிறகு வெப்பநிலை ஓரிரு டிகிரி தானாக ஏறினால் விட்டுவிடுங்கள். மிச்சச் சர்க்கரையை முடிக்க அது உதவும். ஜெர்மன் காய்ச்சுநர்களிடம் ஒரு பழைய வழக்குக் கணக்கு உண்டு: ஈஸ்ட்டைப் போடும்போதுள்ள வெப்பநிலையும் நொதித்தல் நடக்கும் வெப்பநிலையும் கூட்டினால் 30 வர வேண்டும். 12இல் போட்டு 18 வரை ஏற விடுவது, 13இல் போட்டு 17இல் நிறுத்துவது என்பதுபோல. இது சட்டமல்ல. ஆனால் குளிர்ந்த வோர்ட்டில் போட்டு மெல்ல ஏற விடுவது நல்லது என்ற அதன் கருத்து முழுக்க முழுக்கச் சரியானது.

உங்கள் வீட்டில் பீரை 22 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கவே வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பவேரிய ஈஸ்ட் வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஈஸ்ட்டை 30 டிகிரி அறையில் வீணாக்குபவர்கள் ஏராளம். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் காலங்காலமாகக் காத்துவந்த குவைக் என்ற ஈஸ்ட் வகை இருக்கிறது. அதில் வொஸ் ரகம் 35 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும்; கிராம்பு வாசனை தராது, மெல்லிய ஆரஞ்சு மணம் தரும். கோதுமை மால்ட்டோடு சேர்ந்தால் அமெரிக்க வகைக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பீர் கிடைக்கும். ஹெஃபவைட்சன் கிடைக்காது. ஆனால் கெட்டுப்போன ஹெஃபவைட்சனைவிட இது எவ்வளவோ மேல்.

மாவு ஊறும்போதே கிராம்பை முடிவு செய்வது

முழுத் தானியத்திலிருந்து காய்ச்சுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. அரைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும்போது, முதலில் 43 முதல் 45 டிகிரியில் 15 நிமிடம் நிறுத்தி வைத்தால், ஃபெருலிக் அமிலத்தைச் செல் சுவரிலிருந்து விடுவிக்கும் நொதிகள் வேலை செய்யும். ஈஸ்ட்டுக்குக் கிடைக்கும் மூலப்பொருள் கூடுவதால் கிராம்பும் கூடும். அதன்பின் வழக்கம்போல் 65, 66 டிகிரிக்கு ஏற்றிக்கொள்ளலாம். வோர்ட்டைச் சுண்டவைத்துப் பாகாகவோ தூளாகவோ விற்கும் மால்ட் எக்ஸ்ட்ராக்டில் காய்ச்சுபவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் கிராம்பு வேண்டுமென்றால் ஈஸ்ட் ரகத்தையும் குளிர்ச்சியையும் மட்டுமே நம்ப வேண்டும். எக்ஸ்ட்ராக்டில் செய்பவர்களுக்கு ஈஸ்ட் தேர்வு இன்னும் பெரிதாவது இதனால்தான்.

கிராம்பு என்று நினைத்து ஏமாறக்கூடிய ஒரு வாசனையும் உண்டு. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியின் நெடி வந்தால் அது ஈஸ்ட்டின் குணம் அல்ல. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஃபீனால்களோடு சேர்ந்து உண்டாக்குவது, அல்லது கலனில் புகுந்த காட்டு ஈஸ்ட்டின் வேலை. குளோரின் கலந்த தண்ணீரானால் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரையில் ஒரு துண்டைக் கரைத்துவிட்டுக் காய்ச்சத் தொடங்குங்கள்.

எவ்வளவு ஈஸ்ட், எவ்வளவு காற்று, எவ்வளவு இடம்

மேலே எழுந்து நொதிக்கும் ஈஸ்ட்டால் செய்யும் சாதாரண ஏல் வகைப் பீருக்கு 20 லிட்டர் வோர்ட்டில், 1.050 அடர்த்திக்கு, ஏறக்குறைய 18,000 கோடி ஈஸ்ட் செல்கள் தேவை என்பது வழக்கமான கணக்கு. புதிய திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில் சுமார் 10,000 கோடி செல்கள் இருக்கும். வேறு பீராக இருந்தால் முன்கூட்டியே கொஞ்சம் வோர்ட்டில் ஈஸ்ட்டை வளர்த்து (இதற்கு ஸ்டார்ட்டர் என்று பெயர்) எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளச் சொல்வேன். ஹெஃபவைட்சனுக்கு, பாக்கெட் புதிதாக இருந்தால், அப்படியே போட்டுவிடலாம். குறைவான செல்களாகத் தொடங்கி அவை வோர்ட்டிலேயே பெருகும்போது வாழைப்பழ மணம் கூடும். அளவுக்கு மீறி ஈஸ்ட் போட்டால் அந்த மணம் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விடும் என்று 3068ஐத் தயாரிக்கும் நிறுவனமே எச்சரிக்கிறது. நிறையப் போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. அதற்காகப் பழைய, பாதி செத்த பாக்கெட்டைப் போடலாம் என்று பொருளல்ல. அது மந்தமாகத் தொடங்கி வேறு கிருமிகளுக்கு வழிவிடும். உலர் ஈஸ்ட்டானால் 20 லிட்டருக்கு 11 கிராம் பாக்கெட் ஒன்று போதும். வோர்ட்டின் மேல் தூவினாலே வேலை செய்யும்.

காற்றும் அப்படித்தான். வோர்ட்டைக் குலுக்கி ஆக்சிஜன் ஏற்றுவது ஈஸ்ட்டின் வளர்ச்சிக்கு நல்லது. ஆனால் ஆக்சிஜன் மிகுந்தால் எஸ்டரை உருவாக்கும் நொதி அடங்கிவிடும். மிதமாகக் குலுக்கினால் போதும். கெக் என்ற அடைத்த உலோகப் பீப்பாயில் அழுத்தத்தோடு நொதிக்கவிடுவது சிலரின் பழக்கம். அழுத்தம் எஸ்டரை நசுக்கும். இந்த பீருக்கு அந்த முறை வேண்டாம். அகலமான, உயரம் குறைந்த பாத்திரம் நல்லது.

இட அளவில் கஞ்சத்தனம் கூடாது. கோதுமை பீர் ஈஸ்ட் மேலே எழுந்து நொதிக்கும் வகை. நுரை மிக உயரமாக வரும். முதல் நாள் இரவே வெண்ணுரை திரண்டு, அதன் மேல் ஹாப்ஸ் பிசினின் பழுப்புத் திட்டுகள் படியும். சில மணி நேரத்தில் நுரை மூடியைத் தொட்டு, வாயுவை வெளிவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக்கின் துளைக்குள் ஏறும். துளை அடைபட்டால் வாயு வெளியேற வழியின்றி மூடியையே தள்ளி எறிந்துவிடும். கலனில் நான்கில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள். தொடக்கத்தில் ஏர்லாக்குக்குப் பதில் விரல் தடிமனுள்ள குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநீக்கி கலந்த தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அந்த நாள்களில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பதற வேண்டாம். இந்த ஈஸ்ட்களில் பல கொஞ்சம் கந்தக வாயுவை வெளியிடும் இயல்புடையவை. நொதித்தல் முடிந்து சில நாள்களில் அது தானாகப் போய்விடும், பீரைக் கொட்டிவிடாதீர்கள்.

பாட்டிலில் அடைக்கும் முன்

கோதுமை பீரில் வாயு அதிகம் இருக்க வேண்டும். அந்த நுரைக் கிரீடம் அதனால்தான் வருகிறது. சாதாரண ஏலுக்கு லிட்டருக்கு 5, 6 கிராம் சர்க்கரை சேர்த்து அடைப்போம் என்றால், இதற்கு 8 முதல் 10 கிராம் வரை போகும். மெல்லிய பாட்டில்கள் இந்த அழுத்தத்தைத் தாங்காது. தடித்த சுவருள்ள பாட்டில்கள்தான் வேண்டும்.

டபிள்யூபி-06 பற்றி மேலே பாதியில் விட்டது இங்கே வருகிறது. அது டயஸ்டாடிகஸ் என்ற உட்பிரிவைச் சேர்ந்தது என்று அதன் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். மற்ற பீர் ஈஸ்ட்கள் தொட முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் வெட்டித் தின்னும் நொதியை இந்த வகை சுரக்கும். வேகமாக நொதித்து ஓய்ந்ததுபோல் காட்டிவிட்டு, பிறகும் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். 1.012இல் நின்றுவிட்டது என்று நினைத்து 10 கிராம் சர்க்கரையும் சேர்த்து அடைத்துவிட்டால், பாட்டிலுக்குள் இன்னும் ஐந்து புள்ளி இறங்கும், கண்ணாடி வெடிக்கும். இதைப் பயன்படுத்துவதானால் மூன்று நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். அளவு இம்மியும் மாறாமல் இருந்தால், அதுவும் எதிர்பார்த்த 1.007 அருகில் நின்றால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். பயன்படுத்திய பிறகு குழாய், கலன் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். அதன் சில செல்கள் ஒட்டிக்கொண்டு அடுத்த பீருக்குள் போனாலும் இதே வேலையைச் செய்யும்.

கடையில் வாங்கிய பாட்டிலின் அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட்டை வளர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். சில நிறுவனங்கள் நொதித்த ஈஸ்ட்டை நீக்கிவிட்டு, பாட்டிலில் வாயு உண்டாக்க வேறு ஈஸ்ட் சேர்க்கின்றன. லாகர் ஈஸ்ட்டைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதை வளர்த்தால் வாழைப்பழமும் வராது, கிராம்பும் வராது. தொடக்கத்தில் பாக்கெட் ஈஸ்ட்டே நல்லது.

வாயு ஏறிய பிறகு நீண்ட நாள் வைத்திருக்காதீர்கள். பாட்டிலில் உள்ள ஈஸ்ட்டின் நொதிகள் வாழைப்பழ எஸ்டரை மெல்ல மெல்லச் சிதைக்கும். இரண்டு மூன்று மாதங்களுக்குள் குடித்தால்தான் நீங்கள் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டின் சுவை முழுதாகத் தெரியும். ஊற்றும்போது கடைசி இரண்டு விரல் அளவு பீரைப் பாட்டிலில் நிறுத்தி, சுழற்றி, படிந்த ஈஸ்ட்டைக் கலக்கிக் கண்ணாடிக் குவளையில் உள்ள பீரின் மேல் ஊற்றுங்கள்.

முதல் முறை எதை வாங்குவது?

குளிர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியும், புதிய திரவ ஈஸ்ட் கிடைக்கும் என்றால் 3068 அல்லது டபிள்யூஎல்பி300ஐ வாங்கி 19 டிகிரியில் வைத்து நொதிக்க விடுங்கள். வாழைப்பழம், கிராம்பு இரண்டையும் அந்த வெப்பநிலை சமமாகக் காட்டும்; அடுத்த முறை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது அப்போது தெரியும். திரவ ஈஸ்ட் கிடைக்காவிட்டால் மியூனிக் கிளாசிக்கை அதே வெப்பநிலையில் போடுங்கள்.

கொஞ்சம் கூடுதல் வேலைக்குத் தயாராக இருந்தால், 20 லிட்டர் வோர்ட்டைக் காய்ச்சி இரண்டு கலன்களில் பத்துப் பத்து லிட்டராகப் பிரியுங்கள். ஒன்றில் மியூனிக் கிளாசிக், மற்றதில் யூஎஸ்-05, பாதிப் பாதிப் பாக்கெட். இரண்டையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். மால்ட், ஹாப்ஸ், தண்ணீர், வெப்பநிலை எல்லாம் ஒன்றாக இருப்பதால், மூன்று வாரம் கழித்து இரண்டு குவளைகளுக்கும் இடையே நீங்கள் முகரும் வேறுபாடு முழுவதும் ஈஸ்ட்டின் வேலை. தொடக்க அடர்த்தி, இறுதி அடர்த்தி, நாள்தோறும் வெப்பமானிப் பட்டை காட்டிய எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த விவரத்தாளையும்விட அந்தக் குறிப்புதான் உங்களுக்கு உதவும்.